பாதித் தெரு மாநகராட்சி

எங்கள் தெருவின் கிழக்குப் பக்கம் மாநகராட்சி, மேற்குப் பக்கம் ஊராட்சி. நான் கிழக்கு. நேர் எதிரே இருக்கும் என் அக்கா மேற்கு. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "அதனால என்ன, நடுவுல ஒரு ரோடுதானே?" என்கிறார்கள். அப்போது எனக்கு வரும் கோபம் அவர்களுக்குப் புரிவதில்லை. ஒரு ரோடு இருந்தால் நான் ஏன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்? இருப்பது அரை ரோடு.

இரும்புலியூர் தாண்டி வண்டலூர் போகும் வழியில், ஜிஎஸ்டி சாலையை விட்டு உள்ளே வந்தால் எங்கள் தெரு. அப்பா ரயில்வேயில் இருந்தவர். இங்கே முள்ளுச் செடியும் ஏரித் தண்ணீருமாக இருந்த காலத்தில் எதிரெதிராக இரண்டு மனை வாங்கிப் போட்டார். பக்கத்துப் பக்கத்தில் வாங்கினால் மதில் சுவருக்குச் சண்டை வரும், எதிரெதிரே என்றால் ஒருத்தி கூப்பிட்டால் இன்னொருத்திக்குக் கேட்கும் என்பது அவருடைய கணக்கு. பெண்கள் இரண்டு பேருக்கும் இடையில் அரசாங்கம் வந்து நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அத்தான் இறந்த பிறகு அக்கா யார் வீட்டுக்கும் போய் உட்காரவில்லை. முன் அறையில் கிரைண்டர்களை இறக்கி இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். தெருவில் முக்கால்வாசி வீட்டு இட்லி அவள் மாவில்தான் வெந்தது. மற்றவர்கள் வரிசையில் நின்று பாக்கெட் வாங்குவார்கள். எனக்கு மட்டும் காலையில் காம்பவுண்டுச் சுவர் மேல் தூக்குவாளி வந்து உட்கார்ந்திருக்கும். அது அம்மாவின் தூக்கு. அக்கா மாவு அனுப்புவாள், நான் அதில் குழம்போ பொரியலோ வைத்துத் திருப்புவேன். எங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற பழக்கம் கிடையாது. ஒன்றும் சமைக்காத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். எங்களுக்குள் மனஸ்தாபம் வந்து முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்களிலும் அந்தத் தூக்கு தெருவைக் கடந்துகொண்டுதான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். உள்ளாட்சிப் பாடம் வருஷா வருஷம் நடத்துகிறவள். கரும்பலகையில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று கிளை கிளையாகப் படம் போட்டு, அதிகாரம் மக்களின் வாசலுக்கே வருகிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாசலுக்கே வந்துவிட்டது. இப்போது அந்தப் பாடம் வந்தால் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடுகிறேன்.

சுற்றியிருந்த நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கியபோது எங்கள் ஊராட்சி வெளியே நின்றது. அதன் பிறகு எங்களையும் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. தெரு நலச்சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. முகவரியில் மாநகராட்சி என்று வந்துவிட்டால் மனை விலை எங்கே போகும் என்பதைத் தவிர வாட்ஸ்அப்பில் வேறு பேச்சில்லை. சங்கத்தின் செயலாளர் எங்கள் வரிசையில் மூலை வீட்டுக்காரர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும் கையில் ஃபைல் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நானும் அக்காவும் சேர்ந்துதான் போனோம். அதிகாரி மைக்கைக் கொடுத்ததும் செயலாளர் எழுந்தார். எங்கள் நகர் முழுவதையும் மாநகராட்சியில் சேர்க்க வேண்டும், ஆனால் ஏரியோரக் குடிசைகளைச் சேர்க்கக் கூடாது என்றார். "அவங்களையும் சேர்த்தா வர்ற ஃபண்ட் எல்லாம் அங்கேயே போயிடும் சார். டேக்ஸ் கட்டுறது நாங்க" என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். அந்த ஏரியோரத்துப் பெண்கள்தான் இவர்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். அவர்களில் சிலர் பின் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து பேச முயன்றேன். மைக் என் வரிசைக்கு வருவதற்குள் தேநீர் வந்துவிட்டது.

செயலாளர் மனதில் இருந்த எல்லை ஏரிக்கரை. அக்கா வீட்டு வரிசைக்குப் பின்னால் போகும் கரை. ஆனால் எல்லை போடுகிறவர்களுக்கு அவர் மனது தெரியுமா? குடிசைகளை வெளியே விட வேண்டும் என்று கேட்டார்களா, விட்டுவிட்டார்கள். எங்கள் தெரு ஒரு காலத்தில் ஏரி வாய்க்காலாம். பழைய வரைபடத்தில் அந்த வாய்க்கால்தான் இருந்தது, எல்லைக் கோட்டை அதன் மேலேயே போட்டுவிட்டார்கள். ஏரிக்கரையில் விழ வேண்டியது நடுத்தெருவில் விழுந்தது. அக்கா வீட்டு வரிசை முழுவதும் குடிசைகளோடு அந்தப் பக்கம் போய்விட்டது.

சரி, தப்பு நடந்துவிட்டது, சங்கம் போய்க் கத்தும் என்று எதிர்பார்த்தேன். சங்கத்தில் அக்காவும் உறுப்பினர், சந்தா கட்டுகிறவள். சங்கம் கூடியபோது செயலாளர் ஃபைலைத் திறந்து மூடினார். "இப்ப போய் அப்ஜெக்ஷன் போட்டா மொத்தமும் நின்னுடும் மேடம். முதல்ல நாம உள்ள போயிடுவோம். அப்புறம் அவங்களை இழுத்துக்கலாம்" என்றார். அவங்களை என்றார், அக்கா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. அடுத்த வாரம் அந்தப் பக்கத்து வீடுகளை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கினார்கள். மாநகராட்சி அறிவிப்புகளைப் போட்டு அவர்களைக் குழப்ப வேண்டாமாம், அவ்வளவு அக்கறை.

எங்களுக்கு ரோடு வந்தது. சிமெண்ட் ரோடு. பழையதைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே கொட்டினார்கள். இந்த வட்டாரத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான், ரோடு ஒவ்வொரு முறையும் உயரும், வீடு ஒவ்வொரு முறையும் தாழும். ஆனால் இங்கே பாதி அகலத்துக்குத்தான் கொட்டினார்கள். நடுவில் பலகை நிறுத்தி, அந்தப் பலகை வரைக்கும் சிமெண்ட், பலகைக்கு அந்தப் பக்கம் பழைய குண்டும் குழியும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். என் முழங்கால் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு திண்டு, தெரு நீளத்துக்கு.

"மீதி எப்ப போடுவீங்க?" என்று அங்கே நின்ற கான்ட்ராக்டர் ஆளிடம் கேட்டேன்.

"மீதி இன்னா மீதி மேடம்? வேலை முட்ஞ்சிப்போச்சு" என்றான். "அந்தாண்ட பஞ்சாயத்துல கீது. அவுங்களாண்ட போய்க் கேளு."

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு வாங்க வருகிறவர்கள் இனி அந்தத் திண்டில் ஏறி இறங்க வேண்டும். "நல்லதாப் போச்சு, எல்லாருக்கும் உடம்பு இளைக்கும்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்த வருஷ ஐப்பசி மழையில் எல்லோரும் வழக்கம்போல் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் திண்டில் வழிந்து அக்கா பக்கம் இறங்கியது. முன்பெல்லாம் தெரு முழுக்கப் பரவி, கணுக்கால் வரை நின்று, ஏரிப் பக்கம் போய்விடும். இப்போது அரை ரோட்டின் தண்ணீரும் சேர்ந்து அக்கா வீட்டுக்குள் நுழைந்தது. கிரைண்டர்களைக் கட்டில் மேல் தூக்கி வைத்தோம். ஒன்றைத் தூக்க முடியவில்லை, அதன் மோட்டார் போயிற்று. ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தன. அத்தானின் போட்டோவைச் சுவரில் உயரமாக மாட்டியிருந்ததால் அது தப்பித்தது.

என்னால் தாங்க முடியாதது அதற்கடுத்து நடந்தது. எங்கள் வரிசையில் பள்ளமான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றதென்று செயலாளர் போன் போட்டு மோட்டார் வரவழைத்தார். டீசல் மோட்டார், நீளமான ஹோஸ். ஹோஸின் மறுமுனையைத் திண்டுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். அக்கா வாளியில் முகந்து வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அவள் வாசலிலேயே எங்கள் தண்ணீரைக் கொட்டுகிறார்கள்.

நான் மோட்டார்காரரிடம் கத்தினேன். "அண்ணா, கண்ணு தெரியலையா? அங்க வீடு இருக்கு!"

"நான் இன்னா மேடம் பண்றது?" என்றார் அவர். "எங்கனா ஓர் எடத்துல வுட்டுத்தானே ஆவணும்? உங்க லிமிட்டு இத்தோட முடியுது. அந்தாண்ட எவன் ஏரியாவோ, நமக்கு இன்னா தெரியும்?"

நான் ஹோஸைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செயலாளர் வீட்டு கேட்டுக்குள் விட்டேன். அவருடைய குரோட்டன்ஸ் தொட்டிகள் மிதந்தன. ஒரு டீச்சர் இப்படியா நடந்துகொள்வது என்று குரூப்பில் எழுதினார்கள். எழுதட்டும். அன்றைக்கு மோட்டாரை நிறுத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் என் சுவர் மேல் தூக்கு இருந்தது. மாவில்லை, அவள் வீட்டில் அரிசியே இல்லை. உள்ளே ஒரு பிடி சர்க்கரை இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. மாநகராட்சியில் ஒருவர், அந்தப் பக்கம் எங்கள் லிமிட்டில் வராது என்றார். எங்கள் பக்கத்து ரோட்டால்தான் தண்ணீர் போகிறது என்றேன். "ரோடு சரியா இருக்குன்னு உங்க சங்கமே லெட்டர் குடுத்திருக்கே மேடம்" என்றார். ஊராட்சியில் காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். "நாங்களும் கூடிய சீக்கிரம் மாநகராட்சியில சேரப் போறோம்மா. சேரப் போற இடத்துக்கு இப்ப ரோடு போட்டா ஆடிட்ல கேப்பாங்க" என்றார்கள். எப்போது சேர்வீர்கள் என்று கேட்டால் அது மேலே இருக்கிறது என்று கையைக் காட்டினார்கள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவன் சேர்ந்துவிட்டதால் செய்ய மாட்டான், இன்னொருவன் சேரப் போவதால் செய்ய மாட்டான். நடுவில் என் அக்கா தண்ணீர் முகக்க வேண்டும். எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஆரம்பித்தது அந்த வருஷம்தான்.

சங்கக் கூட்டத்தில், மழைத் தண்ணீர் அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் இறங்காமல் போக அந்தத் திண்டை இரண்டு இடத்தில் உடைத்து ஏரி வரை குழாய் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். புது ரோட்டை உடைக்கவா என்று அலறினார்கள். "உங்க சிஸ்டர்ங்கறதால நீங்க எமோஷனலா பேசுறீங்க" என்றார் செயலாளர்.

அடுத்த மழையிலும் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த மழையிலும் வந்தது. வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் இருக்கும் மகனிடம் போய்விடு என்று உறவுக்காரர்கள் எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவள் எதிரே இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் அந்த வீட்டில் விளக்கு எரிய வேண்டும். இந்தச் சண்டை முழுவதும் நான் போட்டது அதற்காகத்தான்.

அக்கா போகவில்லை. "வீட்டைத் தூக்கப் போறேன்டி" என்றாள். இருந்த வளையல்களும் அத்தான் பணத்தில் மீதியும் அதற்குப் போயின. மேஸ்திரி ஆட்களோடு வந்து சுவருக்கு அடியில் தோண்டி, வரிசையாக ஜாக்கிகளை வைத்தார். அவர் விசில் ஊதினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திருப்புவார்கள். மறுபடி விசில், மறுபடி கொஞ்சம். வீடு உயர்வது கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் வேறு இடத்தில் இருக்கும். வேலை முடியும்வரை அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள், கிரைண்டர்கள் என் கார் ஷெட்டில் ஓடின. சத்தம் வருகிறது, குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் செய்யக் கூடாது என்று குரூப்பில் போட்டவர், அன்று காலை அதே மாவில் தோசை தின்றவர். அந்த நாட்களில் அக்காவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு அவர்களைத் திட்டித் தீர்த்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் கோபப்பட்டது அப்போதுதான்.

வீடு என் தலைக்கு மேல் போய்விட்டது. அடியில் கிராவல் கொட்டி நிரப்பி, வாசலுக்குப் படிகள் கட்டினாள். புது வாசலில் பால் காய்ச்சினோம். அங்கே நின்றால் என் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி நேராகத் தெரிந்தது.

போன மழையில் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கப் பார்த்தது. இறங்க இடமில்லை. அக்காவைப் பார்த்து அந்த வரிசையில் மற்றவர்களும் மனையை மேடாக்கியிருந்தார்கள். தேங்கியது, திண்டு வரை ஏறியது, திண்டைத் தாண்டி எங்கள் பக்கம் திரும்பியது. முதலில் செயலாளர் வீட்டு ஹாலுக்குள் போனது. பிறகு என் வீட்டுக்குள் வந்தது. புத்தக அலமாரியின் கீழ்த் தட்டு முழுவதும் ஊறிப்போனது. கட்டில் கால்கள் நனைந்தன. சமையலறையில் நின்றுகொண்டு நான் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் எல்லோரையும் திட்டினேன்.

தண்ணீர் வடிவதற்குள் சங்கம் கூடிவிட்டது. அதே செயலாளர், அதே ஃபைல். தெரு இரண்டாகப் பிரிந்து கிடப்பது பெரிய அநியாயம் என்றார். நிர்வாகச் சீர்கேடு என்றார். மேற்குப் பக்கத்தையும் உடனே மாநகராட்சியில் சேர்த்து முழு அகலத்துக்கு வடிகால் போட வேண்டும், அதற்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும் என்றார். நான் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியதை ஒரே மழையில் அவர் கண்டுபிடித்துவிட்டார். "உங்க சிஸ்டர் போட்டா மத்தவங்களும் போடுவாங்க. நீங்க கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாங்க?" என்று மனுவை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். யார் எழுதினால் என்ன, வேலை நடந்தால் சரி என்று நினைத்தேன். அன்றைக்கே அந்தப் படிகளில் ஏறினேன்.

அக்கா மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டே மனுவை எட்டிப் படித்தாள். "தெரு ஒண்ணா இருக்கணும்னு நல்லா எழுதியிருக்கார்" என்றாள்.

"அந்த ஆளை விடுக்கா. கையெழுத்தைப் போடு."

"என் வீட்டுல தண்ணி நின்னப்ப இந்தப் பேப்பர் எங்கடி இருந்துச்சு?"

"நான் உனக்காக எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ ஏறின. அவங்க ஒருத்தரும் ஏறல. இப்ப அவங்க ஹால்ல தண்ணி வந்துடுச்சு, உன் கையில பேப்பர் வந்துடுச்சு." பாக்கெட்டை முடிச்சுப் போட்டுத் தட்டில் வைத்தாள். "நான் போட மாட்டேன். என் வீட்டை நானே தூக்கிக்கிட்டேன். எனக்கு எந்த ஆபீசும் வேணாம்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஊறிப்போன புத்தகங்கள், நாற்றம் போகாத சமையலறை, மாத்திரை, எல்லாம் சேர்ந்து வந்தது. "நீ வீட்டைத் தூக்கினதாலதான் தண்ணி என் வீட்டுக்குள்ள வந்துச்சு!" என்று கத்தினேன்.

இதைத்தான் காலையில் கூட்டத்தில் செயலாளர் சொன்னார். அப்போது நான் அவரோடு சண்டைக்குப் போயிருந்தேன்.

அக்கா கிரைண்டரை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தாள். "அது உங்க மாநகராட்சித் தண்ணி. எங்க பஞ்சாயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள். பிறகு கிரைண்டரை மறுபடி போட்டாள்.

நான் படியிறங்கி வந்துவிட்டேன். மனுவைக் கிழித்துச் செயலாளர் வீட்டு கேட்டில் எறிந்தேன். அந்த ஆள் மேல் கோபம், கோடு போட்டவன் மேல் கோபம், பலகை நிறுத்தியவன் மேல் கோபம், எல்லாம் அப்படியே இருக்கிறது. அக்கா மேலும் கோபம்தான். உங்க என்று எப்படி அவள் வாயில் வரலாம் என்று இரண்டு நாள் கொதித்தேன். மழைக்கு முன்தினம் நான் மீன் குழம்பு வைத்து அனுப்பிய தூக்கு அவள் வீட்டில்தான் இருந்தது. அது எப்படியும் வரும், அதில் மாவு இருக்கும், ஒரு சண்டை போட்டுச் சமாதானம் ஆகிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் காம்பவுண்டுச் சுவர் மேல் தூக்கு இருந்தது. நன்றாகத் தேய்த்து, துடைத்து, மூடி போட்டு வைத்திருந்தாள். கையில் எடுத்தபோதே கனமில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். சர்க்கரைகூட இல்லை.